கேள்வி – பதில்: கணக்கில் முதலில் தோன்றிய கருந்துளை

கேள்வி: கருந்துளையைக் கண்டுபிடித்தவர் ஐன்ஸ்டைன் என்று ஒரு நூலிலும், அவர் அதை ஏற்கவேயில்லை என்று ஒரு கட்டுரையிலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமானது. ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்த பொருளே கருந்துளை. அதற்கு இடமளிக்கும் சமன்பாடுகள் ஐன்ஸ்டைனுடையவை. அவற்றிலிருந்து கருந்துளையை வருவித்தவர்கள் வேறு சிலர். எண்ணமோ அவருக்கும் முந்தையது. ஜான் மிட்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1783இல், ஒளியையும் ஈர்ப்புக்கு உட்படும் துகள்களாகக் கொண்டு நியூட்டனின் விதியைப் பொருத்திப் பார்த்தார். அவருடைய வாதத்தை இன்றைய அளவுகளைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். சூரியனின் பரப்பிலிருந்து தப்ப நொடிக்குச் சுமார் 618 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அடர்த்தி மாறாதிருந்தால் இந்த விடுபடு வேகம் விட்டத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். எனவே சூரியனைப்போல் 500 மடங்கு விட்டமுள்ள விண்மீனில் அது 3,09,000 கிலோமீட்டராகி, ஒளியின் வேகமான சுமார் 3,00,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட விண்மீன் கண்ணுக்குத் தெரியாது என்றும், அதைச் சுற்றிவரும் துணை விண்மீனின் இயக்கத்தைக்கொண்டு அது இருப்பதை ஊகிக்கலாம் என்றும் அவர் எழுதினார்.

ஈர்ப்பை வெளியின் வளைவாக விளக்கும் பொதுச் சார்பியல் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1915 நவம்பரில் நிறைவு செய்தார். அடுத்த மாதமே, ரஷ்யப் போர்முனையில் ஜெர்மன் படையில் பணியாற்றிக்கொண்டிருந்த வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஷில்டு, ஒரு கோள வடிவப் பொருளைச் சுற்றியுள்ள வெளி எவ்வாறு வளைகிறது என்பதற்குத் துல்லியமான தீர்வைக் கண்டு அவருக்குக் கடிதம் எழுதினார். தோராயமான விடையோடு நின்றிருந்த ஐன்ஸ்டைன் வியந்துபோனார். ஷ்வார்ட்ஷில்டோ அடுத்த மே மாதமே நோயால் இறந்துவிட்டார். அந்தத் தீர்வில் ஒரு குறிப்பிட்ட ஆரம் வரும்போது கணிதம் தடுமாறியது. சூரியனின் நிறைக்கு அந்த ஆரம் 3 கிலோமீட்டர், பூமியின் நிறைக்கு வெறும் 9 மில்லிமீட்டர். இயற்கையில் எந்தப் பொருளும் அவ்வளவு சுருங்காது என்று கருதியதால், பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. தடுமாற்றம் நாம் பயன்படுத்திய ஆயத்தொலைவுகளில்தான் இருந்தது என்பதையும், அந்த எல்லை உள்ளே மட்டும் செல்லவிடும் ஒருவழிப் பாதை என்பதையும் 1958இல்தான் இயற்பியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஸ்டைன் தெளிவாக்கினார்.

இதற்கிடையே 1930இல், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களைப் பற்றிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அத்தகைய விண்மீனை எலக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கி நிற்கிறது. ஆனால் நிறை மிகும்போது எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்குவதால், அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அந்த வரம்பு, சூரிய நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில் அவர் இதை விளக்கியபோது, புகழின் உச்சியில் இருந்த ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் எழுந்து கேலி செய்தார். வரம்பை மீறிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், சில கிலோமீட்டர் ஆரத்தில் தன் ஒளியையே அடக்கிக்கொள்ளும் என்றும், இப்படியொரு அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் விதி இருந்தே தீரவேண்டும் என்றும் அவர் வாதிட்டார். எடிங்டனுக்குப் புரியவில்லை என்று சொல்வது தவறு என்பது என் கருத்து. அந்த அரங்கில் கருந்துளையைச் சரியாக வருணித்தவர் அவர்தான், நம்ப மட்டும் மறுத்தார்.

1939இல் ஐன்ஸ்டைனும் அவ்வாறே, பொருள் அந்த ஆரத்துக்குள் சுருங்க முடியாது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் பெருநிறை விண்மீன் இடைவிடாது சரிந்து தன்னை மூடிக்கொள்ளும் என்று காட்டினார்கள். முழுமையான கோள வடிவம் இல்லாவிட்டாலும் அந்தச் சரிவு, கோட்பாடே செயலிழந்துபோகும் ஒருமைப்புள்ளியைத் தவிர்க்க முடியாது என்று கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1965இல் நிறுவினார். அப்போது ஐன்ஸ்டைன் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: சூரியன் கருந்துளையாக மாறினால் பூமியை இழுத்துக்கொள்ளுமா?

பதில்: இழுக்காது. நிறை மாறாதவரை தொலைவில் உணரப்படும் ஈர்ப்பும் மாறாது. எட்டு நிமிடங்களில் இருள் சூழும், பூமி தன் பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். தவிர, சூரியனின் நிறை சந்திரசேகர் வரம்புக்குள் அடங்குவதால் அது வெண்குறுமீனாகவே முடியும்.

கேள்வி: ஒளியே வெளிவராத ஒன்றைப் படமெடுத்தது எப்படி? அந்த ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வந்தது?

பதில்: படமெடுக்கும் முன்பே, மிட்செல் சொன்ன வழியில் சான்றுகள் கிடைத்துவிட்டன. நம் பால்வீதியின் நடுவில் எஸ்2 என்னும் விண்மீன், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அந்தப் பாதையிலிருந்து கணக்கிட்டால், மையத்திலுள்ள நிறை சுமார் 40 லட்சம் சூரியன்களுக்குச் சமம். 2019 ஏப்ரலில் வெளியான படம், 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தைக் காட்டுகிறது. உலகின் பல இடங்களிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை அணுக்கடிகாரங்களின் துணையோடு இணைத்து, பூமியளவு அகன்ற ஒரே கருவிபோல் இயக்கி, 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பதிவு செய்தார்கள். ஒளிர்வது கருந்துளை அன்று, அதைச் சுற்றிச் சுழலும் கொதிக்கும் வாயு. நடுவிலுள்ள இருள் அதன் நிழல். ரேடியோ அலைகளுக்குக் கண்ணறியும் நிறம் கிடையாது என்பதால், செறிவைக் காட்ட ஆய்வுக் குழுவினர் தாங்களாகத் தேர்ந்த வண்ணமே அந்த ஆரஞ்சு.