ஏர் ரைபிளுக்கு மாடரேட்டர்: முதலில் எந்தச் சத்தம் என்று பாருங்கள்

ஏர் ரைபிள் முனையில் மாட்டும் சவுண்ட் மாடரேட்டர் (சத்தத்தை அடக்கும் உருளை) பற்றி வந்த கேள்விகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர் ரைபிள். சுடும்போது காதருகே ‘டங்’ என்று அடிக்கிறது. நல்ல மாடரேட்டர் ஒன்று மாட்டினால் அடங்கிவிடுமா?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் அந்த ‘டங்’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஏர் ரைபிளில் கேட்பது ஒரே சத்தம் அல்ல. பெல்லட்டின் (ஏர் ரைபிள் சுடும் சின்ன ஈயக் குண்டு) பின்னாலேயே அழுத்தக் காற்று முனையை விட்டுப் பாய்ந்து விரிவது ஒரு சத்தம். உள்ளே ஸ்பிரிங் அதிர்வதும் பிஸ்டன் போய் மோதுவதும் இன்னொன்று. பெல்லட் ஒலியின் வேகத்தைத் தாண்டினால் சவுக்கைச் சொடுக்கியது போல ஒரு வெடிப்பு. கடைசியாக, இலக்கில் போய் அடிக்கும் சத்தம். மாடரேட்டர் கைவைப்பது முதலாவதில் மட்டும்தான். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும்.

ஸ்பிரிங் ரைபிளில் ஒவ்வொரு சுடலுக்கும் வெளியேறும் காற்று மிகக் கொஞ்சம். ஆகவே முனைச் சத்தமும் கொஞ்சம்தான். நீங்கள் கேட்கும் ‘டங்’ பெரும்பாலும் ஸ்பிரிங்கின் அதிர்வு. கட்டையில் கன்னத்தை வைத்திருப்பதால் அது எலும்பு வழியாக நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஒருவரைப் பாதுகாப்பாக உங்களுக்குப் பின்னால் பத்து மீட்டர் தள்ளி நிற்க வைத்து, வழக்கம்போல் பெல்லட் போட்டுச் சுடுங்கள். “எனக்குப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையே” என்று அவர் சொன்னால், மாடரேட்டருக்கு அங்கே வேலை இல்லை. சோதனைதானே என்று பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுவிடாதீர்கள். எதிரே தடுக்க ஒன்றும் இல்லாமல் பிஸ்டன் ஓங்கிப் போய் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

உங்கள் காசு உருப்படியாகப் போகும் இடம், ஸ்பிரிங்கைத் தாங்கும் கைடை இறுக்கமாகப் பொருந்துவதாக மாற்றி, அதற்கென்றே உள்ள கெட்டி கிரீஸைத் தெரிந்த மெக்கானிக்கிடம் போடச் சொல்வதுதான். மடக்கு ரைபிளின் முனையில் கம்பெனியே மாட்டி அனுப்பும் தடித்த உருளையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பலவற்றில் அது மடக்கும்போது பிடித்துக்கொள்ள வைத்த கைப்பிடிதான். உள்ளே சத்தத்தை அடக்கும் அமைப்பு இருக்காது. அதே சமயம், தனியாக வாங்கி மாட்டிய மாடரேட்டரைப் பிடித்து ரைபிளை மடக்காதீர்கள். அந்தப் பலம் முழுவதும் சில சுற்று மரையின் மேல் விழும்.

பெட்டியில் மிகப்பெரிய வேகம் அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டைப் போட்டு அளந்தது. ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டும் பெல்லட்டின் வெடிப்பை எந்த மாடரேட்டராலும் நிறுத்த முடியாது. கொஞ்சம் கனமான பெல்லட்டுக்கு மாறினாலே அது போய்விடும். குறியும் கூடும் என்பது உபரி லாபம்.

கேள்வி: பி.சி.பி ரைபிள் (முன்பே அழுத்தி அடைத்த காற்றால் சுடுவது) வாங்கியிருக்கிறேன். ‘எல்லா ரைபிளுக்கும் பொருந்தும்’ என்று போட்டு ஒரு மாடரேட்டர் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்துவது என்று ஒன்று கிடையாது. ஆனால் பி.சி.பி வைத்திருப்பவர் மாடரேட்டர் வாங்குவதில் அர்த்தம் உண்டு. சிலிண்டரில் அடைத்த காற்று ஒவ்வொரு சுடலிலும் தாராளமாக வெளியேறுகிறது. சத்தத்தில் பெரும்பங்கு முனையில்தான். நல்லதாக ஒன்றை மாட்டினால் வித்தியாசம் முதல் சுடலிலேயே தெரியும்.

முதலில் உங்கள் குழலைப் பாருங்கள். அதைச் சுற்றி இன்னொரு குழாய் போர்த்தியிருந்தால் பாதி வேலையை அதுவே செய்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ரைபிளுக்கு நீளமான மாடரேட்டர் தேவைப்படாது.

அடுத்தது மரை. ஏர் ரைபிள்களில் அதிகம் காணப்படுவது அரை அங்குல யு.என்.எஃப் என்ற அங்குலக் கணக்கு மரை: வெளி விட்டம் 12.7 மி.மீ, ஓர் அங்குலத்துக்கு 20 சுற்று. மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிய மரையும் உண்டு, 14 மி.மீ விட்டம், 1 மி.மீ பிட்ச் (ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) அவற்றில் ஒன்று. ரைபிளோடு வந்த புத்தகத்தில் இந்த விவரம் இருக்கும். இல்லாவிட்டால் மரையைக் காக்கும் மூடியைக் கழற்றி வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். விட்டம், பிட்ச் இரண்டையும் எழுத்தில் கேட்டு, விற்பவரிடமிருந்து எழுத்திலேயே பதில் வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள். ‘பொருந்தும் சார்’ என்பது பதில் அல்ல.

பார்சல் வந்ததும் விரல் நுனியால் திருகிப் பாருங்கள். முதல் இரண்டு சுற்று தானாகப் போக வேண்டும். பிடிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அலுமினிய மரை மென்மையானது. ஒரு முறை பலவந்தம் செய்தால் போதும், மரை போய்விடும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் அடைந்துவிடும்.

குழலில் மரையே வெட்டாத ரைபிளுக்கு அடாப்டர் விற்கிறார்கள். குழலின் மேல் செருகி, சின்னச் சின்னத் திருகுகளால் இறுக்குவது. எனக்கு இதில் அவ்வளவு பிரியம் இல்லை. ஒரு பக்கத் திருகைக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினாலே அடாப்டர் சாய்ந்துவிடும். சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: 4.5 மி.மீ, 5.5 மி.மீ பெல்லட் போடும் இரண்டு ரைபிளும் என்னிடம் உண்டு. ஒரே மாடரேட்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: மரை ஒன்றாக இருந்தால் 5.5-க்கு என்று செய்ததை 4.5-இல் மாட்டலாம், சத்தம் ஒரு துளி கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். தலைகீழாக மட்டும் ஒருபோதும் கூடாது. 4.5-க்குச் செய்ததன் துளையில் 5.5 பெல்லட் நுழைந்தால் உள்ளே இருக்கும் தடுப்புகளை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் மேலே பெயிண்டால் அடையாளம் போட்டு வையுங்கள்.

கேள்வி: மாடரேட்டர் மாட்டிய நாளிலிருந்து குறி சிதறுகிறது. முன்பு ஒரு நாணயத்துக்குள் விழுந்த பெல்லட்கள் இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் போகின்றன. கடைக்காரர், “ஸ்கோப்பைத் திருப்பி ஜீரோ செய்யுங்கள் (குறி வைத்த இடத்திலேயே விழும்படி சரிசெய்வது), சரியாகிவிடும்” என்கிறார்.

பதில்: கடைக்காரர் சொல்வது வேறொரு கோளாறுக்கு மருந்து. குறி மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிப்போனால்தான் ஜீரோ செய்ய வேண்டும். முனையில் எடை ஏறினால் குழல் அதிரும் விதம் மாறும், பெல்லட் விழும் இடமும் மாறும். அது இயல்பு. உங்களுக்கு நடப்பது சிதறல். பெல்லட் உள்ளே எங்கோ உரசுகிறது.

கணக்கைப் பாருங்கள். 5.5 மி.மீ பெல்லட்டுக்கு மாடரேட்டரின் துளை 7 மி.மீ என்று வைத்துக்கொண்டால் சுற்றிலும் இருக்கும் இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். மாடரேட்டரின் நீளம் 150 மி.மீ. அது குழலின் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி சாய்ந்தால், கடைசித் துளை 1.3 மி.மீ விலகிவிடும். அரை டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பெல்லட்டுக்குத் தெரிந்துவிடும்.

ரைபிளில் பெல்லட் இல்லை, மேகசின் கழற்றியாகிவிட்டது, காற்றையும் வெளியேற்றியாகிவிட்டது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மாடரேட்டரைக் கழற்றி, வெளியேறும் துளையின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று சாம்பல் நிறக் கீற்று இருந்தால் அது ஈயம். உரசல் அங்கேதான். இன்னொரு சாட்சி காகிதம். நல்ல தடுப்புச் சுவருக்கு முன்னால் ஆறேழு மீட்டரில் ஒரு தாளை விறைப்பாக மாட்டிச் சுடுங்கள். வட்டமாக வெட்டினால் பெல்லட் நேராகப் போகிறது. துளை நீளவாக்கில் கிழிந்திருந்தால் பெல்லட் புரண்டுகொண்டு போகிறது.

காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம்: குழலின் மரை, மாடரேட்டரின் மரை, அல்லது இரண்டும் முட்டிச் சேரும் விளிம்பான தோள். பாதி நேரம் தோளில்தான் ஒளிந்திருக்கும்: ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மடங்கிப்போயிருக்கும், அல்லது ஒரு பொடி பெயிண்ட் ஒட்டியிருக்கும். துடைத்து மீண்டும் மாட்டிப் பாருங்கள். தீரவில்லையென்றால் நண்பரின் மாடரேட்டரை உங்கள் ரைபிளில் மாட்டிச் சோதியுங்கள். அதுவும் உரசினால் குழலின் மரையே கோணல், துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள். உரசவில்லையென்றால் நீங்கள் வாங்கியதுதான் கோணல், கடைக்காரரிடம் போங்கள். சாட்சியாக அந்தக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஈயக்கீற்று விழுந்த பொருளைப் பல கடைகள் ‘பயன்படுத்தியது’ என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கும். ஆகவே முதல் சுடலுக்கு முன்பே சோதித்துவிடுங்கள். காலியான, காற்று இறக்கிய ரைபிளில் மாடரேட்டரை மாட்டி, குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் நேரான கம்பியை முனை வழியாக விட்டுப் பார்த்தால், கம்பி மாடரேட்டர் துளையின் நடுவில் நிற்கிறதா, ஓரம் சாய்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கென்றே செய்த கம்பிகள் விற்கின்றன. முனைப் பக்கமிருந்து கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ரைபிள் காலி என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் வேண்டாம்.

இறுக்குவதற்குக் கை போதும். ஸ்பேனர் வேண்டாம். தொடர்ந்து சுடும்போது மாடரேட்டர் தளரும். அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி 20 டெசிபல் குறையும் என்கிறது, இன்னொன்று 30 என்கிறது. நீளமானதை வாங்கினால் நல்லதா?

பதில்: எந்த ரைபிளில், எந்தச் சக்தியில், முனையருகே அளந்ததா சுடுபவர் காதருகே அளந்ததா என்று சொல்லாத டெசிபலுக்கு மதிப்பில்லை. கைபேசி ஆப்பில் அளந்து போடும் வீடியோக்களையும் தள்ளிவையுங்கள். இந்தச் சத்தம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். அந்த உச்சத்தைக் கைபேசி மைக் பிடிப்பதில்லை.

நீளத்தைவிட உள்ளே இருக்கும் கொள்ளளவு முக்கியம். காற்று விரிந்து வேகம் தணிய இடம் வேண்டும், அதுதான் விஷயம். குட்டையாகவும் தடியாகவும் இருப்பது, ஒல்லியாக நீண்டதோடு போட்டி போடும். ஆனால் தடி கூடினால் சாதாரணக் குறிமுள் மறைந்துவிடும், ஸ்கோப்பிலும் குறைந்த உருப்பெருக்கத்தில் கீழே கறுப்பாக ஒரு நிழல் தெரியும். ஓரளவுக்கு மேல் பெரிதாக்கியும் பயனில்லை: முனைச் சத்தம் அடங்கியதும், உள்ளே சுத்தியல் வால்வைத் தட்டும் ‘டக்’ தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். அதற்குமேல் செலவு செய்வதென்றால் இலக்குப் பெட்டிக்குச் செய்யுங்கள். இரும்புத் தகட்டுக்குப் பதில் பழைய துணியோ ரப்பர் துகளோ இறுக்கி அடைத்து, பின்னால் கெட்டியான தடுப்பு வைத்த பெட்டி மாற்றினால் அக்கம்பக்கத்தார் நன்றி சொல்வார்கள்.

கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா? வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இங்கிலாந்தில் முனைச் சக்தி 12 அடி-பவுண்டுக்கு உட்பட்ட, லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைபிளுக்கு மாடரேட்டர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அமெரிக்காவில், கழற்றி நெருப்புத் துப்பாக்கியில் மாட்ட முடிகிற ஒன்று கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் சைலன்சர் ஆகிவிடலாம். அங்கே பல ஏர் ரைபிள்களில் அதைக் கழற்ற முடியாதபடி வைத்தே விற்பது இதனால்தான். உங்கள் ஊர் ஆயுத லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்கத்துறையையும் சேர்த்துக் கேளுங்கள். ‘எல்லோரும் வாங்குகிறார்களே’ என்று விற்பவர் சொல்வது உங்களைக் காப்பாற்றாது.

வீட்டில் செய்வது வேண்டாம். பல இடங்களில் அப்படிச் செய்வதே குற்றம் ஆகலாம். ஏர் ரைபிளுக்கு என்று விற்பதை நெருப்புத் துப்பாக்கியில் மாட்டினால் சட்டம் வருவதற்கு முன்பே அது வெடித்துவிடலாம்.

கேள்வி: பராமரிப்பு ஏதாவது உண்டா?

பதில்: அதிகம் இல்லை. சுட்டு முடித்ததும் கழற்றி வையுங்கள்; உள்ளே தங்கும் ஈரம் குழலின் முனையில் துருவாக மாறும். மரையை உலர்ந்த துணியால் துடைத்து மூடியைப் போடுங்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள், ஃபெல்ட் வைத்த மாடல் என்றால் ஊறிக் கெட்டுவிடும். தட்டினால் உதிரும் சாம்பல் பொடி ஈயம்தான். குழந்தைகள் இல்லாத இடத்தில் ஒரு தாளில் தட்டிச் சுருட்டிப் போட்டுவிட்டு, சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.