வாசகர் கேள்வி: காயில் சுற்றுகிறவர்களுக்கு

ஒருமுறை பாவித்து எறியும் வேப்களின் (மின்சிகரெட்டுகளின்) விற்பனை பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தடைப்பட்டதிலிருந்து, காயிலையும் (லிக்விட் எனும் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்), அதற்கு லிக்விடை ஊறி எடுத்துத் தரும் பஞ்சையும் தாங்களே மாற்றும் டேங்குகள் (லிக்விட் நிரப்பும் கலன்கள்) பற்றிக் கேள்விகள் கூடியிருக்கின்றன. பதில்கள் பிரிட்டன் வாசகர்களுக்கானவை. இந்தியாவில் 2019 முதல் வேப்களின் விற்பனையும் இறக்குமதியும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.

கே: 26 கேஜ் (தடிமன் எண்) காந்தால் (இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை) கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று. முதல் நாலைந்து இழுப்பு அருமை. அப்புறம் கருகல் வாடை. கம்பி மட்டமா? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

ப: கம்பி நிரபராதி. இந்தக் கணக்குக்குச் சுமார் 0.8 ஓம் மின்தடை வரும்; 15 வாட்டில் தொடங்கி 20 வரை ஏற்றலாம். நீங்கள் சொல்லும் அறிகுறியிலேயே விடை இருக்கிறது. முதலில் ஊறவைத்த லிக்விட் தீரும்வரை எல்லாம் சரி. தீர்ந்ததும் டேங்கிலிருந்து புதிது ஏறவில்லை. பஞ்சுதான் வழியை அடைக்கிறது.

பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். காயிலே வளைந்து கூட வந்தால் பஞ்சு அதிகம். தொட்டதும் வழுக்கி ஓடினால் குறைவு. குறைவாக இருந்தாலும் கருகும், ஏனென்றால் பஞ்சு தொடாத சுற்றுகள் வெறுமனே காய்கின்றன.

பலர் கோட்டை விடுவது வால்களில், அதாவது காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சு நுனிகளில். இரண்டு பக்கமும் டெக்கின் (காயிலைத் திருகிப் பொருத்தும் தளம்) அடியைத் தொடும் நீளத்துக்கு வெட்டுங்கள். ட்வீசர் முனையால் சீவி, அடிப்பக்க இழைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். பிறகு வாலை லிக்விட் துளையின் மேல் படுக்க வையுங்கள். உள்ளே திணிக்கவே கூடாது. டேங்கை மூடுமுன் காயில் மேலும் வால்கள் மேலும் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சில் வெள்ளைத் திட்டு இல்லாதபடி நனையுங்கள்.

சரியாக அமைந்ததா என்று டேங்கே காட்டும்: இழுத்து முடித்ததும் துளைப் பக்கமிருந்து சிறு குமிழிகள் மேலே ஏற வேண்டும். குமிழியே வராவிட்டால் அடைப்பு. விஜி (தாவரக் கிளிசரின்) 70 சதவீதத்துக்கு மேலுள்ள லிக்விட் கெட்டியானது, குளிர்காலத்தில் இன்னும் கெட்டியாகும். அதற்கு வாலை மேலும் மெலிதாக்குங்கள், இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

ஒருமுறை கருகிய பஞ்சு தேறாது, மாற்றிவிடுங்கள். காய்ந்த திரியோடு தொடர்ந்து இழுப்பது வாடையோடு போகிற விஷயமும் இல்லை. அளவுக்கு மீறிச் சூடான பிஜி (புரோப்பிலீன் கிளைக்கால்), விஜியிலிருந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன.

கே: பஞ்சு வைக்காமல் சூடேற்றினால் ஒரு ஓரச் சுற்று மட்டும் முதலில் சிவக்கிறது. (ஹாரோ வாசகர்)

ப: சுற்றுகள் ஒன்றையொன்று சீராகத் தொடவில்லை, அல்லது காயிலின் ஒரு கால் (கம்பி நுனி) திருகில் தளர்ந்திருக்கிறது. முதலில் திருகு. பிறகு 10 முதல் 15 வாட்டில் ஒரு விநாடி அழுத்தி விட்டு, பீங்கான் முனை ட்வீசரால் காயிலை மெல்ல வருடி, சேர்த்து நெருக்குங்கள். நடுவில் தொடங்கி இரு ஓரத்துக்கும் சிவப்பு பரவும்வரை இதையே செய்யுங்கள். காந்தால், நிக்ரோம் கம்பிகளுக்கு இது சரி. நிக்கல், டைட்டானியம் கம்பிகளைச் சிவக்கவிடாதீர்கள். அவை வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு மட்டுமே.

கே: ஓம் அளவு 0.4, 0.6 என்று மாறி மாறிக் காட்டுகிறது.

ப: பெரும்பாலும் தளர்ந்த திருகு. இரட்டைக் காயிலில் ஒன்றின் கால் விட்டுவிட்டால் ஓம் ஏறும். அளவு திடீரென இறங்கினால், வெட்டாமல் விட்ட கால் நுனி மூடியைத் தொடுகிறதா என்று பாருங்கள், அது ஷார்ட். காயில் ஆறியபின் அளப்பதே சரியான அளவு.

கே: கீழே ஒழுகுகிறது.

ப: முதல் கேள்விக்கு நேர்மாறு: வாலில் பஞ்சு போதாமல் துளை முழுதும் மூடவில்லை. ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள். நிரப்பும்போது காற்றுவழியை மூடிக்கொள்ளுங்கள்.

கே: சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மோடில் (டேங்குக்கு மின்சாரம் தரும் பேட்டரிப் பிடி), ஒற்றை 18650 (உருளை வடிவ) பேட்டரியோடு 0.15 ஓம் காயில் போடலாமா? (டூட்டிங் வாசகர்)

ப: வேண்டாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.15 ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். நல்ல 18650களில் பல, தொடர்ச்சியாக 20 ஆம்பியர்தான் தாங்கும். உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் சில விநாடித் துடிப்புக்கானதாக இருக்கலாம், அதை நம்பாதீர்கள். இந்த மோடில் ஷார்ட் ஆனால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. 0.4 ஓமுக்குக் கீழே இறங்காதீர்கள், அதிலேயே 10.5 ஆம்பியர் ஓடுகிறது. பேட்டரி உறை கிழிந்திருந்தால் புது உறை போடும்வரை பாவிக்காதீர்கள். உபரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.