ட்ரம்மருக்கு இரண்டு கைதான்

அன்புள்ள சார்,

வணக்கம். வீட்டில் உட்கார்ந்து சொந்தமாகப் பாட்டு பண்ணுகிறேன். கித்தார், பேஸ், குரல் எல்லாவற்றையும் நானே பதிவு செய்துவிடுகிறேன். ட்ரம்ஸ் மட்டும் சாஃப்ட்வேரில். சென்ற ஆண்டு ட்ரம் ஒலிகள் அடங்கிய, 40 ஜிபி அளவுள்ள ஒரு பெரிய லைப்ரரி வாங்கினேன். ஸ்நேரையோ கிக்கையோ தனியாகத் தட்டிக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. பாட்டுக்குள் வைத்தால் மெஷின் ஓடுவது போலவே இருக்கிறது. கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். அடிகளை லேசாக முன்பின் நகர்த்தும் 'ஹியூமனைஸ்' பட்டனை அழுத்திப் பார்த்தேன். மெஷின் போய், வாசிக்கத் தெரியாதவர் வாசிப்பது போல ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய லைப்ரரி வாங்க வேண்டுமா? இல்லை, எலெக்ட்ரானிக் ட்ரம்ஸ் வாங்கி நானே வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா? ஒரு பாட்டையும் அதன் மிடி ஃபைலையும் இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

பாட்டைக் கேட்டேன். மெட்டு நன்றாக இருக்கிறது. சரணத்தில் குரல் மேலே ஏறும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த இடத்துக்கு நல்ல ட்ரம்ஸ் கிடைத்தே ஆக வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். உங்கள் லைப்ரரியில் ஒரு குறையும் இல்லை. ஈஸிட்ரம்மர், ஆடிக்டிவ் ட்ரம்ஸ், பிஎஃப்டி என்று எதை எடுத்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். நல்ல ஸ்டூடியோவில் ஒரு ட்ரம்மரை உட்காரவைத்து, ஒவ்வொரு ட்ரம்மையும் மெல்லிய அடியிலிருந்து பலத்த அடிவரை படிப்படியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் பல தடவை. நீங்கள் ஒரே வெலாசிட்டியில் (அடியின் பலத்தைக் குறிக்கும் எண், உச்சம் 127) நான்கு அடி போட்டாலும் நான்கு வேறு வேறு பதிவுகள் மாறி மாறி ஒலிக்கும். ரவுண்ட் ராபின் என்பது இதைத்தான். 1980-இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1 மெஷினிலேயே நிஜ ட்ரம்ஸின் பதிவுகள் இருந்தன. அன்று மெமரி சிப்புகளின் விலை அதிகம் என்பதால், நீண்டு ஒலிக்கும் கிராஷ், ரைட் சிம்பல்கள் மட்டும் அதில் கிடையாது. ஆக, ஒலி நிஜமாகி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இலவசமாகக் கிடைக்கும் எம்டி பவர் ட்ரம் கிட்டை வைத்துக்கொண்டுகூட, ஆள் வாசித்தது என்று நம்பும்படி ஒரு பாட்டை முடித்துவிட முடியும்.

அப்புறம் ஏன் மெஷின் போலக் கேட்கிறது? எந்த அடி எப்போது, எவ்வளவு பலமாக என்று குறித்து வைக்கும் உங்கள் மிடி ஃபைலைத் திறந்து பார்த்தேன். சரணத்துக்கு முந்தைய பாரில், அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றில், ஒரு ஃபில் (அடுத்த பகுதிக்கு இட்டுச்செல்லும் சிறு உருட்டு) வைத்திருக்கிறீர்கள். ஸ்நேரில் தொடங்கி டாம்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. அது ஓடும்போது ஹைஹேட்டும் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஃபில் முடிந்து சரணத்தின் முதல் அடியில் இரண்டு கிராஷ் ஒன்றாக விழுகின்றன, கூடவே மறுபடியும் ஹைஹேட். இதை வாசிக்க மூன்று கை வேண்டும். கேட்கிறவர் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ட்ரம்ஸ் வாசித்துக் கேட்டே வளர்ந்த காது, இது மனிதரால் ஆகாத காரியம் என்று உடனே கண்டுகொள்ளும்.

ட்ரம்மருக்கு இரண்டு கை, இரண்டு கால். ஃபில்லுக்குப் போகும்போது வலது கை ஹைஹேட்டை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த நேரம் அவருடைய இடது கால் சும்மா இருக்காது, பெடலை மிதித்துக் காலம் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்றே பெடல் ஹைஹேட் சாம்பிள் தனியாக இருக்கிறது, பொது எண் வரிசையான ஜெனரல் மிடியில் 44-ஆம் எண். ஃபில்லின் கீழே நான்கு அடிக்கும் அதை மெதுவாக வைத்துப் பாருங்கள். ஃபில் முடிந்து கை கிராஷில் இறங்கும்போது கூடவே கிக் (காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய ட்ரம்) கட்டாயம் வேண்டும். கிக் இல்லாத கிராஷ் வெறும் தகரச் சத்தமாகத்தான் கேட்கும். உங்கள் பாட்டில் மூன்று இடங்களில் அப்படி இருக்கிறது.

இனி ஹைஹேட். நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். உங்கள் ஃபைலில் ஒரு பாருக்கு எட்டு அடி, எட்டும் 100 வெலாசிட்டி, பாட்டு முழுக்க இதேதான். உண்மையில் வாசிக்கும்போது குச்சியின் உடம்பு ஹைஹேட்டின் விளிம்பில் படும் அடி ஒன்று, குச்சியின் நுனி மேல்பரப்பில் படும் அடி இன்னொன்று. கை மேலே போய்க் கீழே வரும் ஒரே அசைவில் இரண்டும் மாறி மாறி விழும். ஒன்று அழுத்தம், ஒன்று லேசு. எண்ணிக்கையில் விழும் அடிகளை 90-லிருந்து 100-க்குள் வையுங்கள், நடுவில் விழுபவற்றை 60-லிருந்து 72-க்குள் இறக்குங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாட்டு நடக்கத் தொடங்கிவிடும். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்து கேளுங்கள், வித்தியாசம் அவ்வளவு பெரியது. அதன் பிறகு ஸ்நேர் விழும் இடத்தைக் கவனியுங்கள். இடது கை பலமாக ஸ்நேரை அடிக்கும் அதே நொடியில், பல ட்ரம்மர்களுக்கு வலது கை ஹைஹேட்டில் கொஞ்சம் தணியும். அங்கே ஐந்தாறு எண் குறைத்தால் ஸ்நேர் தானாக முன்னால் வரும்.

நான்காம் எண்ணிக்கைக்குப் பிந்தைய அரை அடியில் ஹைஹேட்டைத் திறந்திருக்கிறீர்கள், நல்ல யோசனை. ஆனால் அதை மூடவில்லை. திறந்த சத்தம் அடுத்த பாரின் நடுவரை தொங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த பாரின் முதல் அடியில் கால் அதை மூட வேண்டும். டக்கென்று அறுந்து நிற்கும் அந்தச் சத்தம்தான் திறந்த ஹைஹேட்டின் அழகே.

ஸ்நேரில் உங்கள் எண் 127. அந்த எண்ணில் ஒலிப்பது, ட்ரம்மர் உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு அடித்த அடி. ஒரு மெல்லிய காதல் பாட்டில் யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். வெலாசிட்டியைக் கூட்டினால் சத்தத்தோடு அடியின் குணமும் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். 105-லிருந்து 112 வரை வைத்துக்கொண்டு, சத்தம் போதவில்லை என்றால் மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரைத் தூக்குங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் விழும் அந்த முக்கியமான ஸ்நேர் அடிகளைத் தாறுமாறாக மாற்றாதீர்கள். 'மனிதர் என்றால் ஒழுங்கின்மை' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ட்ரம்மர்கள் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்வதே அந்த அடி ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காகத்தான். அவர்களுடைய உழைப்புக்கு மரியாதை கொடுத்து அதை அப்படியே விடுங்கள், இரண்டு மூன்று எண் வித்தியாசம் போதும். உயிர் இருப்பது அந்தப் பெரிய அடிகளுக்கு இடையில். ஸ்நேரின் மேல் குச்சி லேசாக உரசிவிட்டுப் போகும் கோஸ்ட் நோட்டுகளை உங்கள் ஃபைலில் நான் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. இரண்டாம் எண்ணிக்கை ஸ்நேருக்கு அடுத்த பதினாறாம் அடியில் (ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்தால் வரும் அடி) ஒன்று, மூன்றாம் எண்ணிக்கைக்குச் சற்று முன்னால் ஒன்று, 25-லிருந்து 38-க்குள் வைத்துப் பாருங்கள். மிக்ஸில் அவை தனியாகக் காதில் விழக் கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு.

இப்போது ஹியூமனைஸ் பட்டன். உங்கள் பாட்டின் டெம்போ 90, அதாவது நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை. அந்த வேகத்தில் ஒரு பதினாறாம் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 167 மில்லிசெகண்ட். நீங்கள் முன்னும் பின்னும் 15 மில்லிசெகண்ட் தள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்து அடிகளில் ஒன்று முன்னாலும் இன்னொன்று பின்னாலும் போனால் 30 மில்லிசெகண்ட் விலகல், கிட்டத்தட்ட இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட மோசம், கிராஷும் அதன் அடியிலுள்ள கிக்கும் தனித்தனியாகத் தள்ளப்பட்டு, ஒரே அடி இரண்டு அடியாகப் பிளந்து கேட்கிறது. முதல் பல்லவியின் தொடக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள், தெரியும். வாசிக்கத் தெரியாதவர் போல இருக்கிறது என்று நீங்களே எழுதியது மிகச் சரியான கணிப்பு.

அந்தப் பட்டன் செய்வது பகடை உருட்டுவது. ஒரு அடி எங்கே விழுந்தது என்பது அடுத்த அடிக்குத் தெரியாது. மனிதக் கைக்குத் தெரியும். கொஞ்சம் முந்திவிட்டால் அந்த முந்தல் சில அடிகள் தொடரும், பிறகு மெல்லத் திரும்பி வரும். இது ஆராய்ச்சியிலும் பார்க்கப்பட்ட விஷயம். ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 2011-இல் ப்ளோஸ் ஒன் இதழில் எழுதிய கட்டுரையில், மனிதர் வாசிக்கும் தாளத்தில் விலகல்கள் ஒன்றோடொன்று நெடுந்தூரம் தொடர்புகொண்டவை என்று காட்டினார்கள். வெறும் தற்செயலாகத் தள்ளப்பட்டதைவிட, இப்படித் தொடர்புள்ள விலகலைத்தான் கேட்டவர்கள் விரும்பினார்கள். 2015-இல் அதே இதழில் இன்னொரு குழு, ட்ரம்மர் ஜெஃப் போர்காரோ 1982-இல் வெளிவந்த ஒரு பாட்டுக்கு வாசித்த ஹைஹேட்டை அடி அடியாக அளந்து பார்த்தது. அடிகளின் நேரத்திலும் சரி, அழுத்தத்திலும் சரி, இதே போன்ற நீண்ட தொடர்பு அங்கேயும் இருந்தது. அவ்வளவு பெரிய கலைஞரின் கையிலும் விலகல் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு நினைவு இருக்கிறது.

ஆகவே பட்டனை விட்டுவிட்டு, நீங்களே முடிவு செய்து தள்ளுங்கள். கிக்கைக் கிரிட்டிலேயே, அதாவது சாஃப்ட்வேர் காட்டும் காலக் கோடுகளிலேயே வையுங்கள். பல்லவியில் ஸ்நேரை மட்டும் ஐந்தாறு மில்லிசெகண்ட் பின்னால் இழுங்கள், பாட்டு சாய்ந்து உட்காரும். சரணத்தில் குரல் ஏறும் இடத்தில் அந்த இழுப்பை எடுத்துவிடுங்கள். அங்கே டெம்போவையே 90-லிருந்து 91-க்கு ஏற்றலாம். யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் உறைக்கும். ஃபில்லின் கடைசி இரண்டு அடிகள் ஒரு நூல் முந்தலாம், ஆள் உற்சாகத்தில் வாசித்தால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொன்றுக்கும் பாட்டிலிருந்து ஒரு காரணம் இருந்தால் தப்பாகாது.

லைப்ரரியோடு வந்த லூப்களை (தயாராக உள்ள தாளத் துண்டுகளை) பயன்படுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவற்றில் பல, நல்ல ட்ரம்மர்கள் வாசித்துப் பதிவானவை. ஒன்றை எடுத்து பியானோ ரோலில் திறந்து, வெலாசிட்டிகளை வரிசையாகப் பாருங்கள். மேலே நான் சொன்ன ஏற்ற இறக்கம் அத்தனையும் அங்கே கண்ணுக்குத் தெரியும். ஆனால் எடுத்த லூப்பை அப்படியே 32 பாருக்கு இழுத்துவிடாதீர்கள். உங்கள் பேஸ் எங்கே விழுகிறதோ அங்கே கிக் விழும்படி திருத்துங்கள். இப்போது உங்கள் பாட்டில் பேஸ் ஒரு பக்கமும் கிக் ஒரு பக்கமுமாக இருக்கின்றன. பேஸை வாசித்தவர் நீங்கள்தானே, வாயால் 'டும் டக், டுடும் டக்' என்று பாடிக்கொண்டே பேஸோடு சேர்ந்து போங்கள். போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதையே மிடியில் எழுதுங்கள். மவுஸைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதைவிட வாய் வேகமாகவும் நேர்மையாகவும் யோசிக்கும்.

மிக்ஸிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அறையின் ஒலியைப் பிடிக்கத் தள்ளி வைத்த ரூம் மைக்கை முழுக்க அணைத்து வைத்திருக்கிறீர்கள், திறந்துவிடுங்கள். ஸ்நேர் சத்தம் மற்ற மைக்குகளிலும் கசிவதை வெட்டிவிடாதீர்கள், எல்லா ட்ரம்களும் ஒரே அறையில் இருக்கின்றன என்று காதுக்குச் சொல்வது அந்தக் கசிவுதான். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகும். நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் மைக்கில் அடி 12 மில்லிசெகண்ட் கழித்துத்தான் வந்து சேரும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்கிறேன் என்று ரூம் ட்ராக்கை முன்னால் நகர்த்தினால் அறை சுருங்கிப்போகும்.

எலெக்ட்ரானிக் ட்ரம்ஸ் வாங்க ஆசை இருந்தால் வாங்குங்கள், வாசிப்பது தனி சுகம். இந்தப் பாட்டுக்காக வேண்டாம். உங்களிடம் மிடி கீபோர்டு இருக்கிறது, அது போதும். பெரும்பாலான லைப்ரரிகளில் 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹைஹேட். முதல் சுற்றில் கிக்கையும் ஸ்நேரையும் இரண்டு விரலால் வாசியுங்கள், அடுத்த சுற்றில் ஹைஹேட்டை மட்டும். விரலின் அழுத்தம் வெலாசிட்டியாகத் தானே பதிவாகிவிடும், மேலே சொன்ன எண்களில் பாதியை நீங்கள் எழுதவே வேண்டியிருக்காது. அடிகளைக் கிரிட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸை 100 சதவீதம் போடாமல் 60-க்குப் பக்கத்தில் வையுங்கள். அடிகள் கிரிட்டை நோக்கி வரும், ஆனால் உங்கள் கை வைத்த சாய்வு மிச்சம் இருக்கும்.

முழுப் பாட்டையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். சரணத்தின் முதல் எட்டு பாரை மட்டும் எடுத்து, ஹைஹேட்டையும் கோஸ்ட் நோட்டுகளையும் அந்த ஃபில்லையும் திருத்தி அனுப்புங்கள். மிடி ஃபைலையும் சேர்த்தே அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.