வெள்ளீயச் சேர்மங்கள் நீரில் மக்குமா?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் பாலியூரிதேன் நுரை தயாரிக்க டைபியூட்டைல்டின் டைலாரேட் என்னும் வெள்ளீய வினையூக்கியைப் பயன்படுத்துகிறோம். அதை விற்கும் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புத் தகவல் தாள், அது நீரில் எளிதில் மக்கும் என்கிறது. இன்னொரு நிறுவனத்தின் தாள் எளிதில் மக்காது என்கிறது. கலன் கழுவிய நீரை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவன் நான். எதை நம்பலாம்?
— வாசகர், மெரபேங்க், டர்பன்

பதில்: இரண்டு தாள்களும் நேர்மையாக எழுதப்பட்டவையாகவே இருக்கலாம். ‘எளிதில் மக்கும்’ என்ற முத்திரை பெரும்பாலும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வகுத்த 301 என்னும் சோதனை வரிசையிலிருந்து வருகிறது. கழிவுநீர் நிலையத்திலிருந்து எடுத்த சிறிதளவு நுண்ணுயிர்களுடன் பொருளை நீரில் 28 நாள்கள் வைத்து, அவை உட்கொண்ட ஆக்சிஜனையோ வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடையோ அளப்பார்கள். கணக்குப்படி வரவேண்டிய அளவில் 60 விழுக்காட்டை எட்டினால் பொருள் தேறியது; அதுவும் 10 விழுக்காட்டைக் கடந்த பத்து நாள்களுக்குள் எட்டியாக வேண்டும்.

இந்த அளவு மூலக்கூறின் எந்தப் பகுதி சிதைந்தது என்பதைச் சொல்வதில்லை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உங்கள் வினையூக்கியின் ஒரு மூலக்கூறில் உள்ள 32 கார்பன் அணுக்களில் 24 இரண்டு லாரேட் பகுதிகளிலும், மீதி 8 மட்டுமே வெள்ளீயத்தோடு நேரடியாகப் பிணைந்த இரண்டு பியூட்டைல் தொகுதிகளிலும் உள்ளன. நீர் பட்டதும் லாரேட் பிரிந்து லாரிக் அமிலமாகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி இதுவே என்பதால், நுண்ணுயிர்கள் இதை விருப்பத்தோடு உண்ணும். முழு மூலக்கூறும் எரிய 47 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. அவற்றுள் 34, அதாவது 72 விழுக்காடு, லாரிக் அமிலத்துக்கே போகிறது. வெள்ளீயமும் இரண்டு பியூட்டைல் தொகுதிகளும் சேர்ந்த டைபியூட்டைல்டின் பகுதி அணுவளவும் சிதையாமல் இருக்க, பொருள் தேறிவிட இடமுண்டு.

ஆனால் உண்ணும் உணவில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தம் உடலை வளர்க்கவே செலவிடும். ஆகவே லாரேட் மட்டும் தரும் அளவு 60-ஐ ஒட்டிச் சற்று மேலோ கீழோ நிற்கும் என்பது என் கணிப்பு. இரண்டு ஆய்வகங்கள் எதிரெதிர் முடிவுக்கு வர இதுவே போதும்.

வேறு இரண்டு இடையூறுகளும் உண்டு. இப்பொருள் நீரில் மிகக் குறைவாகவே கரைவதால், கரைந்த கார்பன் குறைவதை அளக்கும் முறைகள் இதற்குப் பொருந்தா. கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்ட பொருளும் சிதைந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். மேலும் வெள்ளீயச் சேர்மங்கள் பல நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. எனவே, சோடியம் அசிட்டேட் போன்று எளிதில் மக்கும் ஒன்றையும் சேர்த்து வைத்த குப்பியில் 14 நாள்களில் 25 விழுக்காடுகூடச் சிதையவில்லை என்றால், நுண்ணுயிர்களே முடங்கிவிட்டன என்றுதான் கொள்ள வேண்டும். அத்தகைய தோல்வி, பொருள் என்றும் மக்காது என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே இரு நிறுவனங்களிடமும் எந்த முறையில் சோதித்தார்கள், எளிதில் மக்கும் பொருளையும் சேர்த்த அந்த நச்சுக் கட்டுப்பாட்டுக் குப்பியை வைத்தார்களா, 28ஆம் நாள் டைபியூட்டைல்டினையும், அது ஒரு பியூட்டைலை இழந்தால் வரும் மோனோபியூட்டைல்டினையும் தனித்தனியாக அளந்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எண்ணுடன் விடை வராதவரை எளிதில் மக்காது என்ற தாளையே கொள்ளுங்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் தனியே சேர்த்து, அபாயக் கழிவு கையாள உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: கப்பல் பூச்சில் டிரைபியூட்டைல்டின் தடை செய்யப்பட்டுப் பல ஆண்டுகளாகியும், துறைமுகச் சேற்றைத் தோண்டும்போது அதைப் பற்றிப் பேசுகிறார்களே, ஏன்?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அதைத் தடை செய்ய 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வெளிச்சமும் ஆக்சிஜனும் உள்ள நீரில் இந்த வெள்ளீயச் சேர்மம் தன் மூன்று பியூட்டைல் தொகுதிகளை ஒவ்வொன்றாக இழந்து சில நாள்களிலிருந்து சில வாரங்களில் பாதியாகக் குறையும். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலோ அதற்கு ஆண்டுகள் ஆகலாம். டர்பன் போன்ற துறைமுகத்தில் கப்பல் போக ஆழம் வேண்டி அடிக்கடி தூர் வாரத்தான் வேண்டும். ஆதலால் சேற்றை அள்ளிக் கடலில் கொட்டும் முன், அதிலுள்ள டிரை, டை, மோனோ என்னும் மூன்று பியூட்டைல்டின் வடிவங்களையும் அளந்து பார்ப்பது முறை.