முதுகும் குதிகாலும் சொல்லும்

கேள்வி: பக்கவாதம் தாக்கிய என் தந்தை, திருச்சியில் எட்டு மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு; சிறுநீருக்கும் டியூப் போட்டிருக்கிறது. ஹோம் கேர் நிறுவனம் ஒன்று பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என ஆள் அனுப்புகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நான் மாதம் இரண்டு முறைதான் போக முடிகிறது. அப்பாவால் பேச முடியாது. கவனிப்பு தரமாக இருக்கிறதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகும் நாளில் படுக்கை விரிப்பு சலவை மணத்தோடுதான் இருக்கும். ஆகவே, அறையைப் பார்ப்பதைவிட அப்பாவின் உடம்பைப் பாருங்கள். அவரை ஒருக்களிக்கச் செய்து, வால் எலும்புப் பகுதி, இடுப்பெலும்பின் முனை, குதிகால் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் கவனியுங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பதே பொதுவான நடைமுறை. காற்று மெத்தை வாங்கிப் போட்டுவிட்டோம் என்பது அதற்கு மாற்றாகாது.

அடுத்து, நோட்டு. புரட்டிய நேரம், கொடுத்த உணவின் அளவு, வெளியேறிய சிறுநீரின் அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒரு வாரத்துப் பதிவுகள் முழுவதும் ஒரே மையில், ஒரே சாய்வில், 8, 10, 12 என்று நிமிடம் பிசகாமல் இருந்தால், அவை ஒரே உட்காரலில் எழுதப்பட்டவை என்று நான் சந்தேகிப்பேன்.

ஒருமுறை சொல்லாமல், உணவு கொடுக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும், இல்லையேல் உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது.

வருபவர் நர்ஸா, உதவியாளரா என்பதையும் கேளுங்கள். நர்ஸ் என்று கட்டணம் வாங்கினால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. உடம்பு துடைப்பதும் உடை மாற்றுவதும் உதவியாளர் செய்யலாம். குழாய் மாற்றுவது அவர் வேலையன்று. நீங்கள் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் மெதுவாக விசாரியுங்கள். சம்பளம் பற்றாமல் மாதம் ஒரு முகம் மாறும் வீட்டில் அப்பாவின் பழக்கம் யாருக்கும் பிடிபடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளரும் வலிநிவாரணச் செவிலியரும் இலவசமாக வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். நிறுவனத்தைச் சாராத ஒரு கண் அவர் முதுகின் மேல் இருக்கும்.