கல்கூர்லி: தங்கமும் தண்ணீரும் – கடிதம்

ஐயா,

வணக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊர்களான கூல்கார்டி, கல்கூர்லி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, போன மாதம் குடும்பத்தோடு போய்வந்தோம். பெர்த்திலிருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். அந்த மாபெரும் திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்றபோது பிரமிப்பைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. ‘கோல்டன் மைல்’ என்ற தங்கம் செறிந்த பகுதியின் பழைய சுரங்கங்களில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்துக்குள்ளேயே போய்விட்டதே! அப்புறம் பாரம்பரியம் என்று அங்கே எதைத்தான் பாதுகாக்கிறார்கள்? இன்னொரு கேள்வி. கல்கூர்லிக்குத் தண்ணீர்க் குழாய் போட்ட இன்ஜினீயர் ஓகானர், திறப்புவிழாவில் தண்ணீர் வராததால் தற்கொலை செய்துகொண்டார் என்று கூட வந்த ஒருவர் சொன்னார். உண்மையா?

பெர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓகானரிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட கதை உண்மையல்ல. ஓகானர் 1902 மார்ச் 10 அன்று ஃப்ரீமான்டில் அருகே கடற்கரையில் குதிரையை நீருக்குள் செலுத்தித் தன்னைச் சுட்டுக்கொண்டார். கல்கூர்லியில் திறப்புவிழா நடந்தது 1903 ஜனவரி 24 அன்று. தண்ணீர் ஒழுங்காகவே வந்து சேர்ந்தது. பார்க்க அவர்தான் இல்லை. அவரைக் கொன்றது அவதூறு. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் திறமையில்லாதவர், ஊழல்காரர் என்று விடாமல் தாக்கினார்கள். திட்டம் சரியாகத்தான் இருக்கிறது, வாய்ப்பும் அவதூறிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தால் முடித்துவிடுவேன் என்ற பொருளில் கடைசிக் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வரவில்லை என்ற கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழியை அவர்மேல் மறுபடி சுமத்துகிறோம். உங்கள் நண்பரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கும் என் பதில் அந்தக் குழாய்தான். 1892-இல் கூல்கார்டியில் பெய்லியும் ஃபோர்டும் தங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ஹானன், ஃபிளானகன், ஷே என்ற மூன்று ஐரிஷ்காரர்கள் கல்கூர்லியில் கண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வறண்ட நிலத்தில் வந்து குவிந்தார்கள். ஆறு கிடையாது, நிலத்தடி நீரோ உப்பு. அந்த உப்புநீரை விறகு எரித்துக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துக் குடிநீராக்கி விற்றார்கள். அதற்காகவும் சுரங்க இயந்திரங்களுக்காகவும் சுற்றியிருந்த மரங்களையெல்லாம் வெட்டினார்கள். அழுக்குத் தண்ணீரால் டைஃபாய்டு பரவியது. கூல்கார்டி கல்லறைத் தோட்டத்தில் இளைஞர்களின் கல்லறைகள் அவ்வளவு இருப்பது அதனால்தான்.

1896-இல் மேற்கு ஆஸ்திரேலியக் காலனியின் முதல்வர் ஜான் ஃபாரஸ்ட் 25 லட்சம் பவுண்டு கடனுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். அந்தக் காலனியின் மக்கள்தொகை அப்போது ஒன்றரை லட்சம்கூட இல்லை. பெர்த் அருகே மண்டாரிங்கில் அணை கட்டி, எட்டு நீராவிப் பம்பு நிலையங்கள் வைத்து, 530 கிலோமீட்டர் தூரத்துக்கு மேட்டை நோக்கித் தண்ணீரைத் தள்ளினார்கள். நாளொன்றுக்கு 2 கோடியே 30 லட்சம் லிட்டர் தர வேண்டும் என்பது கணக்கு. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்கள்! அவற்றின் நீளவாட்டு இணைப்பில் ரிவெட், அதாவது துளையிட்டு அடிக்கும் ஆணி, கிடையாது. வளைத்த தகடுகளின் விளிம்புகளை ஒரு பட்டைக்குள் செருகி அழுத்திப் பூட்டும் முறையை மெஃபான் ஃபெர்குசன் கண்டுபிடித்திருந்தார். கசிவு குறைந்தது அதனால்தான். இன்றும் கல்கூர்லி குடிப்பது அந்தக் குழாய்வழித் தண்ணீரைத்தான். 2011-இல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காட்சிப்பெட்டிக்குள் போகாமல் இன்னும் வேலை செய்கிற பாரம்பரியம் இது.

ஆனால் குழாய் வருவதற்கு முன்னால் அந்த ஊரைத் தாங்கியவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? தண்ணீரும் மாவும் இயந்திரங்களும் ஒட்டகங்களின் முதுகில்தான் வந்தன. ஒட்டகக்காரர்களை எல்லோரும் ‘ஆப்கான்’ என்றார்கள். பலர் பலூசிஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள். ஹானன் தெரு அவ்வளவு அகலமாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டக வரிசை திரும்புவதற்கு விட்ட இடம் அது. அவர்களுக்குத் தங்கம் தோண்டும் உரிமை கிடையாது, ஆசியர் என்பதால் சட்டமே தடுத்தது. 1894-இல் ஒரு நீர்நிலையில் கால் கழுவியதற்கு எழுந்த தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சுட்ட வெள்ளையர் விடுதலையானார்.

அந்த மண்ணின் பழங்குடிகளான வாங்கதா மக்களுக்கு நடந்ததோ இன்னும் கொடுமை. பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரைக் கல்லால் மூடிவைத்து, தலைமுறை தலைமுறையாக அளவோடு எடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒட்டகங்களோடு வந்த ஒரு கூட்டத்துக்கு அப்படி ஒரு குழியைக் காலி செய்ய அதிக நேரம் ஆகாது. 1896-இல் கூல்கார்டியிலிருந்து வடக்கே கிளம்பிய ஆய்வுப்பயணி டேவிட் கார்னகி, வழியிலிருந்த பாலைவனப் பழங்குடியினரைப் பிடித்துக் கட்டி, தாகமெடுக்க உப்பிட்ட இறைச்சியைத் தின்னக் கொடுத்து, நீர் இருக்கும் இடத்தைக் காட்டவைத்தார். இதை அவரே வெட்கமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. கல்கூர்லியின் பாரம்பரியம் என்று யார் பேசினாலும், ஹானனின் சிலையை மட்டும் காட்டிவிட்டு இதைத் தாண்டிப் போவதை என்னால் ஏற்க முடியாது.

சரி, அந்தப் பள்ளம். 1989-இல் பழைய சுரங்கங்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். இன்று ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டர் ஆழம். உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் கல்கூர்லி இன்னும் ஊராக இருப்பதில் அந்தப் பள்ளத்துக்குப் பெரும் பங்குண்டு. ஒரு காலத்தில் பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த கூல்கார்டியில் இன்று ஆயிரம் பேர்கூட இல்லை, தெருவில் நின்று பார்த்திருப்பீர்களே.

மறுபடி போவதாக இருந்தால் கோடையைத் தவிருங்கள். மண்டாரிங் அணையில் தொடங்கிக் குழாயை ஒட்டியே போங்கள்; கிரேட் ஈஸ்டர்ன் நெடுஞ்சாலையில் வெகுதூரம் அது கூடவே வரும். கூல்கார்டி கல்லறைத் தோட்டத்தில் இஸ்லாமியர் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். 1896-இல் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்ட ஒட்டக வியாபாரி தாஜ் முகம்மதுவின் கல்லறை அங்கே இருக்கிறது. குழந்தைகளையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்.