ஆட்டோமேட்டிக் காரை நான்கு சக்கரமும் உருள இழுத்துச் செல்லலாமா?

கோவையில் வேனைக் கேரவனாக மாற்றியிருக்கும் நண்பர், தம் ஆட்டோமேட்டிக் காரை அதன் பின்னால் கட்டித் திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போகலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதே என் பதில். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஆயில் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் அணைந்திருக்கையில், நியூட்ரலில் விட்டாலும் சக்கரங்கள் உள்ளேயுள்ள பாகங்களைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், அவை ஆயிலின்றி உரசிச் சூடேறி வீணாகிவிடும். மேனுவல் காரானாலும் அதன் கையேடு அனுமதிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கான இழுகம்பியை, காரின் பம்பரில் அல்லாமல் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டுப் பொருத்துகிறார்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொண்டு, பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, பின்விளக்குகளுக்கு ஒயர் இழுத்து, எஞ்சின் ஓடாத காரில் பிரேக் மிதியை அழுத்த உதவும் பூஸ்டர் வேலை செய்யாது என்பதால் தனிப் பிரேக் கருவியும் வைக்கிறார்கள். இத்தனை செய்தும் ரிவர்ஸ் எடுக்க இயலாது. பின்னால் தள்ளும்போது காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். திம்பம் பாதையில் பண்ணாரிக்கு மேலே உள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கரும்பு லாரி எதிரே வந்து நின்றால், காரைக் கழற்றிவிட்டுத்தான் பின்வாங்க வேண்டும். தவிரவும், பொதுவாகப் பழுதான வாகனத்தையோ பதிவு பெற்ற டிரெய்லரையோ இழுக்கத்தான் நம் சாலை விதிகள் இடம் தருகின்றன. நன்றாக ஓடும் காரை அல்ல.